கொடி காட்ட ஆளில்லாத சாலை



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தாயின் வேண்டுகோளும், அதன்பின் ஒரு பந்தயத் தடத்தில் நான் கழித்த மூன்று நாள்களும் ஆகும். அவற்றைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஒரு நாள் பள்ளி முடிந்து மாணவர்கள் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்த வேளையில், என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் வாயிலருகே வந்து நின்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய். ஈப்போவுக்கு வடக்கே, ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து பின்னர் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மகனுக்கு இப்போது வயது இருபத்து மூன்று. ஈப்போ நகருக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறான். சம்பளத்தில் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு பந்தயத்தில் ஓடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டானாம்.

"சார், நீங்க சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லுங்க சார். எங்க அண்ணன் மகன் போனது உங்களுக்கே தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும். அந்த அண்ணன் மகனும் என் மாணவன்தான். ஆறாம் ஆண்டில் படித்தபோது, கணக்குப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் மோட்டார் சைக்கிள் படங்களை வரைந்து வைத்திருப்பான். ஒருநாள் அந்தப் பக்கங்களை அவன் கண் முன்னாலேயே கிழித்து, "நீ உருப்பட மாட்டாய்" என்று வகுப்பறையில் உரக்கச் சொன்னேன். பத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை நள்ளிரவில், சாலையில் நண்பர்களோடு பந்தயம் ஓட்டியபோது அவன் இறந்தான். என் சொல் அவனைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்தப் பையனிடம் இருந்த விருப்பத்தை எங்கே, எப்படி, எந்த ஒழுங்குக்குள் கொண்டுபோவது என்று ஒரு கணமேனும் நான் சிந்திக்கவில்லை. திட்டியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஆகவே, இந்தத் தாயாருக்கு உடனே விடையளிக்க முடியவில்லை. மகனிடம் பேசுவதாக மட்டும் சொல்லி அனுப்பினேன். அவனோ அமைதியாக ஒரே விடை சொன்னான்: "ஐயா, நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுர்றேன்."

நான் போனேன்.

நடந்ததைச் சொல்லும் முன், அவன் ஓட்டும் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். அது நாம் எல்லாரும் அறிந்த கப்சாய்தான். ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் சூப்பர் கப் என்னும் வண்டியை அறிமுகப்படுத்தியது. 2017ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் எட்டாத எண்ணிக்கை அது. பேராக் தோட்டங்களில் அந்த வண்டி நம் குடும்பங்களில் ஒருவரைப் போலவே வாழ்ந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போன தந்தையரையும், பின்னால் கட்டிய பால் வாளிகளையும், முன்னால் நின்றபடியே பள்ளிக்கு வந்த பிள்ளைகளையும் சுமந்தது அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்தபின், லயத்தை விட்டு நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த நம் மக்களோடு கூடவே வந்தது அந்தக் கப்சாய்தான். நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் முதல் இயந்திரம் கணினியன்று, மோட்டார் சைக்கிள்.

இத்தகைய சிறு வண்டிகளுக்கென்றே 1994ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கப் பிரிக்ஸ் என்னும் தேசியப் பந்தயத் தொடர் நடந்து வருகிறது. நாட்டின் பெரிய பந்தய வீரர்கள் பலர் அங்கிருந்து முளைத்தவர்களே. அதற்கும் கீழே, வார இறுதிகளில் கோ-கார்ட் தடங்களில் பொழுதுபோக்கு வீரர்களுக்கான சிறு பந்தயங்கள் நடக்கின்றன. பட்டறைத் தொழிலாளிகள், பொருள் விநியோகிக்கும் இளைஞர்கள், எழுத்தர்கள் எனப் பலதரப்பட்டவரும் தங்கள் சொந்தக் காசில் ஓடும் பந்தயங்கள் அவை. என் மாணவன் பதிந்து கொண்டதும் அத்தகைய ஒன்றில்தான்.

வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம். அதற்கு முன்பே வண்டிப் பரிசோதனை நடந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் வியப்பு உண்டானது. விளக்குகள், கண்ணாடிகள், பக்கத் தாங்கி யாவும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய் வடியும் மரை தளர்ந்து தடத்தில் எண்ணெய் சிந்தாதிருக்க, அதைக் கம்பியால் இறுகக் கட்டியிருக்க வேண்டும். தோலுடை, கையுறை, முதுகுக் காப்பு, காலணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தனர். தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார் ஓர் அதிகாரி. வார் சற்றே நைந்திருந்த ஒருவனை அவ்விடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை.

அன்று பிற்பகல் என் மாணவனின் வண்டியில் கிளட்சுத் தட்டுகள் கருகிவிட்டன. மாலை முழுவதும் கூடாரத்தில் குந்தியபடியே இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்தான். பின்னர்ப் பற்சக்கரத்தை மாற்றுவது பற்றி நண்பனோடு விவாதித்தான். முன் பற்சக்கரத்தில் 14 பற்கள், பின்னதில் 42. விகிதம் சரியாக மூன்று. பின்னதை 44ஆக மாற்றினால் விகிதம் ஏறத்தாழ 3.14 ஆகும்; வளைவிலிருந்து வெளிவரும்போது இழுவை கூடும், நேர்த்தடத்தில் உச்ச வேகம் குறையும்; இந்தத் தடத்தில் நேர்ப்பகுதி குறுகியது, ஆகவே 44தான் சரி என்று மனக்கணக்காகவே சொல்லி முடித்தான். ஆறாம் ஆண்டில் விகிதக் கணக்கில் தேறாதவன் அவன். நான் திருத்திய தாள்களை நினைத்துக்கொண்டேன். கணக்கு அவனுக்கு வராமல் இல்லை. நான் கொடுத்த கணக்கில் அவனுக்கு வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. நம் நாட்டு வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சரியாக அவன் பிரிவு தொடங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில், வளைவின் நடுவே முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் புல்தரையில் சறுக்கிச் சென்றதைப் பார்த்தபோது என் கால்கள் நடுங்கின. அவன் தாயாருக்கு என்ன பதில் சொல்வேன் என்பதே முதலில் தோன்றிய எண்ணம். ஆனால், அவன் நிற்பதற்குள் மஞ்சள் கொடி அசைந்தது; பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தனர்; இருவர் ஓடிவந்து அவனைத் தடுப்புக்கு அப்பால் அழைத்துச் சென்றனர். மருத்துவ உதவியாளர் மணிக்கட்டைப் பரிசோதித்து, சுளுக்குத்தான் என்று உறுதி செய்து, மறுநாள் காலையில் மீண்டும் காட்டினால்தான் ஓடலாம் என்று சொல்லி அனுப்பினார். கால்மிதியும் கிளட்சுப் பிடியும் உடைந்து போயிருந்தன. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த மலாய்க்கார இளைஞர் ஒருவர், நாளை தன்னோடு போட்டியிடப் போகிறவன் என்று தெரிந்தும், தன்னிடம் இருந்த மாற்றுப் பிடியைத் தந்துதவினார். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது இடத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். விளக்கு அணைவதற்கு ஓர் இமைப்பொழுது முன்பாக அவன் வண்டி நகர்ந்துவிட்டது. பத்து வினாடித் தண்டனை. இருந்தும் ஓடினான். ஆறாவது சுற்றில் அவனுக்கு முன்னால் இருந்தவன் தடுமாறினான், எளிதாக முந்திவிடலாம். ஆனால், அதே இடத்தில் வேறொருவன் விழுந்திருந்ததால் மஞ்சள் கொடி அசைந்துகொண்டிருந்தது. மஞ்சள் கொடியின்கீழ் முந்துவது குற்றம். என் மாணவன் வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே சென்றான். அந்த இடத்தை மீண்டும் பிடிக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டவேயில்லை. தண்டனையும் சேர்ந்து பதினெட்டாவது இடம். மூன்று மாதச் சேமிப்பு கரைந்ததற்குக் கையில் கிடைத்தது, வீங்கிய மணிக்கட்டும் ஒரு நேரப்பட்டியல் தாளும்தான்.

அவன் அழவில்லை, குடிக்கவுமில்லை, வண்டியைக் குறை சொல்லவுமில்லை. பிடி தந்த இளைஞரிடம் போய்க் கைகொடுத்தான். பின்னர்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் சுற்றில் எத்தனை வினாடி என்று என்னிடம் விளக்கினான். விழுந்ததற்குக் காரணம் மழையன்று. வளைவுக்குள் நுழைந்தபின் முன்நிறுத்தியைத் தொட்டதுதான் என்று தானே சொன்னான்.

இரவு பட்டறை முதலாளியின் வேனில் வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன்தான் ஓட்டினான். இடப்புறத் தடத்தில், தொண்ணூறைத் தாண்டாமல் வந்தான். சிலிம் ரீவர் தாண்டியதும், பின்னாலிருந்து ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் இரைந்துகொண்டு எங்களைக் கடந்தன. வண்டியின்மேல் வயிறு படியப் படுத்தபடி, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, தோலுடையும் கையுறையும் இல்லாமல், பருத்திச் சட்டையும் சிலிப்பருமாகப் பறந்தார்கள். அவர்களில் சிலர் பதினேழு வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

"இவனுங்களுக்குக் கொடி காட்ட யாருமில்ல ஐயா," என்றான்.

நான் சொல்ல வந்ததன் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

பந்தயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு வேறு செயல்களைக் குறிக்கிறோம். ஒன்று தடத்தில் நடப்பது. அங்கே எல்லாரும் ஒரே திசையில் செல்கிறார்கள். எதிரே லாரி வராது. வழியில் மரமும் விளக்குக் கம்பமும் இல்லை. விழுந்தால் தூக்க ஆளும் ஆம்புலன்சும் உண்டு. விதியை மீறினால் உடனே தண்டனை உண்டு. மற்றொன்று நள்ளிரவுச் சாலையில் நடப்பது. அங்கே இவற்றில் ஒன்றுமில்லை. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருப்பதும் காரணத்தோடுதான். 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் சாலையில் இறப்போரில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெரும்பான்மையினர். நம் பிள்ளைகள் பதினாறு வயதில் உரிமம் எடுக்கிறார்கள். அதற்கும் முன்பே, வீட்டுப் பின்புறச் சந்துகளில், நமக்குத் தெரிந்தே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். உரிமம் இல்லாத மகனை ரொட்டி வாங்கக் கடைக்கு அனுப்பும் பெற்றோரே, அவன் பந்தயத் தடம் என்று சொன்னவுடன் அலறுகிறோம். எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சாமல், எதைக் கேட்டறிய வேண்டுமோ அதைக் கேட்காமல் தடுக்கிறோம்.

இனி, நம் பேராக் மண்ணின் மைந்தர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்போங் காஜாவைச் சேர்ந்த கைருல் இடாம் பாவி 1998ஆம் ஆண்டில் பிறந்தவர். 2016 ஏப்ரல் 3ஆம் நாள் அர்ஜெந்தினாவில் நடந்த மோட்டோ3 பந்தயத்தில், ஈரத்தடத்தில், இரண்டாவதாக வந்தவரைவிட 26 வினாடிகளுக்கும் மேலாக முந்தி வென்றார். உலகத் தொடர்ப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் மலேசியர் அவரே. அப்போது வயது பதினேழு. அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியிலும் மழையில் வென்றார். அந்நாள்களில் என் வகுப்பு மாணவர்கள்கூட அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனால், அந்த அர்ஜெந்தினப் பந்தயத்தில் மற்றொரு மலேசியரும் இருந்தார் என்பது பலருக்கு நினைவில்லை. ஆடாம் நொரோடின், கைருலுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் விழுந்தார். எழுந்தார்; வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தார். பதினோராவது இடம். பரிசு மேடைக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு வளைவு. அந்த ஓட்டத்தைக் காணொளியில் நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். முதலில் சிரித்தார்கள். பின்னர் அமைதியானார்கள். "ஏன் சார் அவரு அப்படியே உக்காரல?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே பேசினோம்.

கைருலின் கதையும் வெற்றியோடு முடிந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டில் பெரிய வண்டிகளுக்கான மோட்டோ2 பிரிவுக்கு உயர்ந்தார். அங்கே பழைய வெற்றிகள் திரும்பவில்லை. 2019 மே மாதம் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில், பந்தய வார இறுதியின் பயிற்சி ஓட்டத்தில் விழுந்து சுண்டுவிரலில் கடுங்காயம் அடைந்தார். அறுவைச் சிகிச்சை நடந்தது. பல பந்தயங்கள் கைநழுவின. 2020ஆம் ஆண்டில் மீண்டும் மோட்டோ3 பிரிவுக்கே திரும்பினார். வென்றபோது அவரைத் தோளில் தூக்கிய நாம், விழுந்தபோது எங்கே இருந்தோம்? பள்ளி அறிவிப்புப் பலகையில் வெற்றி பெற்ற மாணவனின் படத்தை ஒட்டுகிறோம்; அடுத்த ஆண்டு அவன் தோற்றால் படத்தைக் கழற்றிவிடுகிறோம். இரண்டும் ஒரே வழக்கந்தான்.

நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த மற்றொருவரும் உண்டு. நடிகர் அஜித் குமார் இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடியவர். பிறகு கார்ப் பந்தயத்துக்குச் சென்றவர். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. அவருக்குக் காயமில்லை. சில நாள்களில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவர் தேசியக் கொடியோடு ஓடிவந்த காட்சியை நம் மாணவர்கள் பலமுறை பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால், அவர்கள் பார்க்காத ஒன்று உண்டு. அந்த விபத்துக்குப்பின், அணியின் நலன் கருதி, மூன்றாம் இடம் பெற்ற அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். மற்றொரு காரில் மட்டும் தம் பங்கை ஓட்டினார். ஐம்பத்து மூன்று வயதில், இரசிகர்கள் உலகெங்கும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இதை நான் ஓட்டவில்லை" என்று சொல்வது எளிதன்று. அவருடைய வேகத்தைப் போற்றும் நம் பிள்ளைகளுக்கு அந்த விலகலையும் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. இடுக்கண் அழியாமை என்று மற்றோர் அதிகாரமும் உண்டு. தன் வலிமையின் எல்லையை அறிந்து நிற்பதும், துன்பம் வந்தபோது தளராமல் எழுவதும் இருவேறு பண்புகள், இரண்டும் வேண்டும். மனனப் போட்டிக்காக அவற்றை மாணவர்களுக்குப் பயிற்றுவிக்கிறோம். போட்டியில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வரும் மாணவனிடம் அவற்றில் ஒன்றையேனும் நினைவூட்டியிருக்கிறோமா? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற ஆண்டுகளில், பாட நோக்கம் எழுதவும், அடைவுநிலையை அளக்கவும் கற்றுத் தந்தார்கள். அடைவு பெறாத பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அங்கே பாடம் இருந்ததில்லை. அதை நான் வகுப்பறையில், பல தவறுகளுக்குப்பின்தான் கற்றேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், பந்தயத் தடம் பாதுகாப்பான இடம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளக்கூடாது. அப்படிச் சொன்னால் அது பொய். 2011 அக்டோபர் 23ஆம் நாள், உலகத்தரம் வாய்ந்த நம் சிப்பாங் தடத்திலேயே இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி 24 வயதில் உயிரிழந்தார். 2021ஆம் ஆண்டில் மட்டும் ஐரோப்பியத் தடங்களில் 19, 14, 15 வயதுடைய மூன்று இளைஞர்கள் நான்கு மாத இடைவெளிக்குள் இறந்தார்கள். அதன்பின்னரே, உலகத் தொடர்களில் ஓடுவதற்கான குறைந்த வயதை 2023 முதல் 18ஆக உயர்த்தினார்கள். அதே 2023 ஆகஸ்டில், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசியத் தொடரின் ஒரு பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயது மாணவன் விழுந்து இறந்தான். அந்த ஆண்டில் பல பந்தயங்களை வென்றிருந்த திறமைசாலி. எஞ்சிய பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனத்தில் எழுந்தது ஒரே கேள்விதான்: பதின்மூன்று வயதுப் பிள்ளை என்றால், நம் கணக்கில் முதலாம் படிவ மாணவன். வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு வரும் வயது. அந்த வயதில் ஆபத்தின் விலையைத் தானே எடைபோட்டு ஒப்புக்கொள்ள ஒரு பிள்ளையால் முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. திறமை முன்கூட்டியே வரலாம்; முடிவெடுக்கும் பக்குவம் முன்கூட்டியே வருவதில்லை.

ஆகவே, என் நிலைப்பாட்டைத் தெளிவாக எழுதுகிறேன்.

முதலாவது, சிறு பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்பச் சொல்லி நான் எந்தப் பெற்றோரையும் தூண்டவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதைவிடச் செலவும் ஆபத்தும் குறைந்த விளையாட்டுகள் உள்ளன. ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் மிதிவண்டியும் போதும். பட்டறைத் தொழிலாளியின் மூன்று மாதச் சேமிப்பு ஒரே வார இறுதியில் போய்விடும் விளையாட்டு இது என்பதையும் மறக்கலாகாது. கடன் வாங்கிப் பந்தயம் ஓடுவது, தோட்டத்தை விட்டு வந்து இன்னும் காலூன்றாத குடும்பங்களுக்குத் தாங்காது.

இரண்டாவது, வயது வந்த மகன் தன் உழைப்பின் காசில், தடத்தில், முழுக் கவசத்தோடு ஓட விரும்பினால், "கூடாது" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். கேளுங்கள். தலைக்கவசம் எத்தனை ஆண்டு பழையது? தோலுடை யாருடையது? காப்புறுதி உண்டா? மருத்துவர் இருப்பாரா? யாரோடு போகிறாய்? ஒரு முறையாவது கூடச் செல்லுங்கள். நாம் போய் நிற்கும் இடத்தில் பிள்ளை நடந்துகொள்ளும் விதமே வேறு. தடத்தின் கதவை அடைத்தால் விருப்பம் செத்துப்போகும் என்று நினைப்பது பேதைமை; அது சாலைக்குப் போகும். எங்கே போகும் என்பதை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, ஆசிரியர்களாகிய நமக்கு. மோட்டார் சைக்கிள் படம் வரையும் மாணவனின் புத்தகத்தைக் கிழிக்காதீர்கள். அவனிடம் பற்சக்கர விகிதத்தைக் கேளுங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் எத்தனை மீட்டர் போகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 16.7 மீட்டர் என்று விடை வரும்போது, நம் வகுப்பறையின் நீளத்தைக் காலால் அளந்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நொடி கண் விலகினால் என்ன நடக்கும் என்பதை அவனே அறிந்துகொள்வான். நூறு அறிவுரை அதற்கு ஈடாகாது. பள்ளியின் சாலைப் பாதுகாப்புப் பாடத்தில் பந்தயத் தடத்தின் கொடிகளையும் சேர்த்துக் கற்பியுங்கள். மஞ்சள் கொடிக்கு ஏன் முந்தக்கூடாது என்ற கேள்வி, கீழே விழுந்து கிடப்பவனும் நம்மைப் போன்ற ஒருவன் என்ற உண்மையில்தான் போய் முடியும்.

மறுவாரம் அந்தத் தாயாரைச் சந்தித்தேன். நடந்தது எதையும் மறைக்கவில்லை. மகன் விழுந்ததையும், என் கால்கள் நடுங்கியதையும் சொன்னேன். மஞ்சள் கொடியைக் கண்டு முந்தாமல் விட்டதையும், வழியில் வேனை ஓட்டி வந்த விதத்தையும் சொன்னேன். வேண்டாம் என்று அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை என்பதையும், அடுத்த முறை அவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அண்ணன் மகனுக்கும் இப்படி யாராவது கூடப் போயிருந்தா..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அடுத்த பந்தயத்துக்கு அவர் வருவாரா என்று தெரியாது. வந்தால், தடுப்புக்கு இப்பால், அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருப்பேன். அந்த இன்னொரு மாணவனுக்காக நான் நிற்கத் தவறிய இடம் அது.

நம் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பட்டும்.